மொட்டைக் கொம்புகள்

வெள்ளானூரில் மண் அள்ளிக் கைவிட்ட குவாரிப் பள்ளத்தில், எத்திராஜ் காய்ந்த மரக்கொம்புகளைக் குழி தோண்டி நட்டுக்கொண்டிருந்தான்.

“பட்டுப்போன கொம்பு துளுக்குமாய்யா? ஊரே சிரிக்குது!” என்றாள் மனைவி சரசா.

“துளுக்காது.”

“அப்புறம் இன்னாத்துக்கு நடுறே?”

“மூணு மழ போவட்டும், சொல்றேன்.”

மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் அவளைக் கூட்டிப்போனான். கொம்புகள் மொட்டையாகவே நின்றன. ஆனால், ஒவ்வொன்றின் அடியிலும் நாவல், அத்தி, இலந்தைக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்திருந்தன.

சரசா குனிந்து ஒரு கன்றின் இலையைத் தடவிப் பார்த்தாள். “எப்போய்யா இத்தினி கன்னு நட்டே?”

“நான் எங்க நட்டேன்?”

எத்திராஜ் மேலே கைகாட்டினான். கொம்பின் நுனியில் உட்கார்ந்திருந்த கொண்டைக்குருவி, எச்சமிட்டுவிட்டுப் பறந்தது.

“பழம் துன்னுட்டு வர்றதுங்களுக்கு இங்க உக்கார எடமில்ல. நான் நாற்காலி போட்டேன், அவ்ளோதான்.”