அவள் வெள்ளை விட்ட இடம்

இயந்திரக் கை தூரிகையால் பழுப்பு வண்ணத்தைத் தொட்டது.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பழுப்பு. தோலின் நிறம்தானே.

படம் அவருடைய மனைவி மதுரவல்லி வரைந்தது. மானாமதுரை ரயில் நிலையத்தில் குடும்பமே வண்டிக்குக் காத்திருக்கிறது. அவள் தங்கை, தங்கை வீட்டுக்காரர், பிள்ளைகள். டீ விற்கிறவர்கூட இருக்கிறார். பெஞ்சின் ஓரத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வெள்ளை.

அது அவள் வழக்கம். எந்தப் படத்திலும் ஓர் இடத்தை விட்டுவைப்பாள். கடைசி நாளில், பென்சில் கோடுகூட இல்லாமல், நேரே தூரிகையால் நிரப்புவாள்.

இந்தப் படத்துக்கு அந்த நாள் வரவில்லை.

நிஜத்தில் அன்று அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தது அவர்தான். முப்பத்தொரு வருடத்தில் அவள் அவரை ஒருமுறைகூட வரைந்ததில்லை. கேட்டால், "வரைவேன், வரைவேன்" என்று சிரிப்பாள். அந்த வெள்ளை தனக்குத்தான் என்று நம்பி, அவள் இறந்துபோன இந்த இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்.

மதுரவல்லியின் நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருந்தவள் நிறைமதி. இந்த ஓவியக்கூடம் நிறைமதியுடையது.

"அம்மா இருந்தா என்ன வரைவாங்களோ, அதைத்தான் வரையும் சார். முதல்ல பேப்பர்ல போட்டுப் பாத்துக்கலாமா?"

வேண்டாம் என்றிருந்தார். அசல் படத்திலேயே வரட்டும். மனிதருக்கு அவ்வளவு அவசரம்.

கை தயங்கவே இல்லை. அவளைப் போலவே தூரிகையை முடிவில் லேசாகச் சுழற்றி எடுத்தது. அதைப் பார்த்ததும் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கழுத்து வந்தது.

வயிறு வந்தது.

பழுப்பின்மேல் மஞ்சள் ஏறியது. பிறகு ஒரு பிடி.

பித்தளைக் கூஜா.

அதன்மேல் சாய்ந்தாற்போல் சுருட்டிவைத்த ஒரு ஜமக்காளம். வெள்ளை முழுவதும் தீர்ந்துபோனது.

அழகாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவள் வரைந்ததில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவராலேயே சொல்ல முடியவில்லை.

"அப்படியே அம்மா கை சார்." நிறைமதிக்குக் கண் கலங்கியிருந்தது.

அவர் தலையாட்டினார். எழுந்து படத்தின் கிட்டே போனார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"ஏம்மா, இன்னும் ஈரமாத்தானே இருக்கும்? துடைச்சா பழைய வெள்ளை வந்துடுமா?"

"இது அக்ரிலிக் பெயிண்ட் சார். அப்பவே காஞ்சிருச்சு."