ஓரத்தில் ஒரு கை

“கை எங்கே தம்பி? இங்கே ஒரு கை இருந்துச்சே, அதை என்ன பண்ணினீங்க?”

சட்டம் போட்டுப் பளபளவென்று நின்ற படத்தை அந்த அம்மாள் விரலால் படபடவென்று தட்டினாள். கண்ணாடி உடைந்துவிடப் போகிறதே என்று ஸ்டூடியோக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

“எந்தக் கை, அக்கா?”

“எந்தக் கையா! பையன் சாய்ஞ்சா பிடிக்கணும்னு பக்கத்துல நீட்டிக்கிட்டு இருந்த கை. இதோ, இந்த ஓரத்துல. மணிக்கட்டு வரைக்கும் நல்லாத் தெரியுமே!”

“ஓ, அதுவா?” அவர் நிம்மதியாகச் சிரித்தார். “பழைய குழந்தைப் படம் எல்லாத்துலயும் இப்படி ஒரு கை எட்டிப் பார்க்கும்க்கா. குழந்தை விழுந்துடக் கூடாதுன்னு அம்மாவை ஓரமா குனிஞ்சு கையை மட்டும் நீட்டச் சொல்லுவாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான் எடுப்பார். பெரிசு பண்றப்ப அது அசிங்கமா இருக்கும்னு நாங்களே எடுத்துடுவோம். அதுக்குத் தனியா சார்ஜ்கூட போடல.”

சும்மா செய்து கொடுத்தாராம், சும்மா! அந்த அம்மாளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

“எது அசிங்கம்? புள்ளை மட்டும் அழகு, புள்ளையைப் பிடிக்க வந்த கை அசிங்கமா? நல்லா இருக்கு உங்க நியாயம்!”

“இல்லக்கா, இப்ப பாருங்க, குழந்தைங்க ரெண்டும் எவ்வளவு பளிச்சுன்னு...”

“பளிச்சா? ஒன்றரை வயசுக் குழந்தை பிடிக்க ஆளில்லாம ஸ்டூல் மேல உக்காந்திருக்கு. அநாதைப் புள்ளை மாதிரி இருக்கு, போங்க!”

உள்ளே பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று அந்த அம்மாள் குரலை இன்னும் உயர்த்தினாள்.

“இதுங்க ரெண்டையும் வளர்த்தது லேசுப்பட்ட வேலையா தம்பி? இவன் இருக்கானே, சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி என் மேலயே வீசுவான். இடுப்புல வெச்சா இறக்கி விடுன்னு கத்துவான், இறக்கி விட்டா ஊரே கூடற மாதிரி அழுவான். சரி, இவளாவது பெரியவளாச்சேன்னு பார்த்தா, மாசக்கணக்கா என்கூட ஒழுங்கா ஒரு வார்த்தை பேசல. நாலு வயசுப் பொடிசு! என்னைப் பிடிச்சு வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்து, ‘நீ போ’ன்னு கதவைச் சாத்துவா.”

ஸ்டூடியோக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “என் பொண்ணும் அதே ரகம்தான்க்கா. கோவம் வந்துட்டா வீட்டுல அவ அம்மாகிட்ட, ‘நீ வேணாம், வேற அம்மா வாங்கிட்டு வரச் சொல்லு’ம்பா.”

“சிரிக்காதீங்க. நான் அழுதிருக்கேன். குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் வெளியே கேக்காம நின்னு அழுதிருக்கேன். கதை சொன்னாலும் தூங்காதுங்க, தூக்கிக்கிட்டு நடந்தாலும் தூங்காதுங்க. இந்தக் கையைத் தொட்டுக்கிட்டாத்தான் ரெண்டும் கண்ணை மூடும். அதைப் போய் இல்லாம பண்ணிட்டீங்களே, பாவி மனுஷா!”

கைக்குட்டையைத் தேடி எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பழைய படத்தைக் குடுங்க, வேற கடையில பார்த்துக்கறேன்” என்றாள்.

அவர் உறையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். அதிலும் கை இல்லை.

“ஓரம் பூசணம் பிடிச்சிருந்துச்சுக்கா. அந்தக் கையும் தேய்ஞ்சு வெளுத்துப் போயிருந்துச்சு. அதான், வெட்டிட்டு அப்புறமா ஸ்கேன் பண்ணினேன்.”

“வெட்டின துண்டு?”

அவர் பின்பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே வெட்டுத் துண்டுகள் அடைத்த மூட்டைகள் சுவரோடு சுவராக அடுக்கப்பட்டிருந்தன.

“அவிழ்த்துக் கொட்டுங்க. தேடலாம்.”

“விளையாடறீங்களாக்கா? விரல் அகலத் துண்டு. அதை இதுல எங்கே போய்த் தேடறது?”

“நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம். நகை நட்டு எதுவும் கேக்கல அவ. இந்தப் படத்தைப் பெரிசு பண்ணிக் குடு, போற வீட்டுல மாட்டிக்கறேன்னுதான் கேட்டா. கையில்லாத படத்தை எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் குடுப்பேன்?”

கேட்டுக்கொண்டே கவுண்டரைச் சுற்றி உள்ளே போய்விட்டாள். முதல் மூட்டையைத் தரதரவென்று இழுத்து, முடிச்சை அவிழ்த்து, தரையில் உட்கார்ந்து கிளற ஆரம்பித்தாள். துண்டு துண்டாக யார் யாரோ தோள்கள், யார் யாரோ வீட்டுச் சுவர்கள் வந்தன. தடுக்கப் போன ஸ்டூடியோக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். தலையைச் சொறிந்தபடி நின்றவருக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

“அட, இதுக்குப் போயா இந்தப் பாடு! எழுந்திரிங்கக்கா. அதே மாதிரி ஒரு ஸ்டூல் போடறேன். பக்கத்துல குனிஞ்சு கையை நீட்டுங்க, ஒரு படம் எடுத்து இதுல சேர்த்துடறேன். சுருக்கத்தை எடுத்து, பழைய கலர் குடுத்துட்டா போதும். உங்க கைதானே, யாரு கண்டுபிடிக்கப் போறா?”

அவள் கிளறுவதை நிறுத்திவிட்டுத் தன் கையைப் புரட்டிப் பார்த்தாள். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“என் கையை வெச்சு என்ன பண்றது தம்பி? அது இதுங்களைப் பெத்தவளோட கை, அவ போய்ச் சேர்ந்தப்புறம் அந்த வீட்டுக்கு வந்தவ நான். அவளோடதுன்னு படத்துல விழுந்தது அந்த ஒரு கைதான்... அதை நானே வெட்டச் சொல்லிட்டேன்னு என் பொண்ணு நினைச்சுட்டா?”