தூக்கிய கை

காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள் ருக்மிணி. கடைக்குள் அவள் கணவர் பசுபதி ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றிருந்தார். எதிரே கடைக்காரர். அவர் கையில் கனத்த மட்டை.

நாளை மாமனார் திவசம். வாழைக்காய் இல்லாமல் திவசச் சமையலா? அதற்காகத்தான் பிப்ரவரிப் பனியில், நியூ ஜெர்சியில் அந்த டொமினிகன் நாட்டுக்காரர் கடைக்கு வந்திருந்தார்கள். "நீ கார்லயே இரு, இதோ வந்துடறேன்" என்று போனவர் வரவேயில்லை. செல்போனும் அவரிடம்.

'இருட்டினப்புறம் அந்தப் பக்கம் போகாதீங்க' என்று பக்கத்து வீட்டுப் பர்வதம் ஆன்ட்டி சொன்னது இப்போதா ஞாபகம் வர வேண்டும்?

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே ஏழெட்டு ஆண்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கல்லாவின் மேல் ரேடியோ மட்டும் ஸ்பானிஷில் படபடத்துக்கொண்டிருந்தது.

"டோன்ட் மூவ்" என்றார் கடைக்காரர், அவளைத் திரும்பிப் பார்க்காமலே.

ருக்மிணி அப்படியே நின்றாள். பசுபதியின் தூக்கிய கை இறங்கவேயில்லை. இன்னொரு கையில் வாழைக்காய். இந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.

வீட்டில் கிரிக்கெட் மேட்ச் என்றால் 'யாரும் எடத்தை விட்டு நகராதீங்க' என்று அதட்டுகிற மனுஷன், இங்கே பொம்மை மாதிரி நிற்கிறார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

வளையல்களைக் கழற்றி நீட்டினாள். "ப்ளீஸ், டேக் திஸ். லீவ் மை ஹஸ்பண்ட்."

தங்கத்தை யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் உதட்டில் விரலை வைத்தார். மூலையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, கேக்கறதைக் குடுத்துடுங்க. உயிர்தாங்க முக்கியம்."

"ஷ்ஷ்... வளையலைப் போட்டுக்கோ." பசுபதி உதடு அசையாமல் முணுமுணுத்தார். "மேல் தட்டுத் தேங்காய்க்காகத்தான் கையைத் தூக்கினேன், அந்த நிமிஷத்துலேர்ந்து இவங்க நாட்டு பேஸ்பால் டீம் விளாசுது. இன்னும் ஒரு ரன்தான் வேணும், நீயும் அங்கயே நில்லு ருக்கு."