முந்தின நில்தாண

"ரெண்டுமே சின்ன டப்பாதான் சார். ஆனா ஒண்ணுல பேஸ், அதான் கட்டை சத்தம், நிக்கும், ஒண்ணுல குதிக்கும்" என்றபடி கடைக்கார நாகேஷ் ஸ்பீக்கர்களை டீப்பாயில் வைத்தான்.

கடையில் கேட்டால் எல்லாமே இனிக்கும், வீட்டுக்கு வந்தால்தான் சாயம் வெளுக்கும் என்பது அவன் கட்சி. அதனால் இரண்டு ஜோடிகளையும் மல்லேஸ்வரத்து வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டான். கிஷோர் கீழே காத்திருந்து, லிஃப்ட்டில் கூட்டி வந்து, காலிங் பெல்லை அழுத்திவிட்டு ஒதுங்கி நின்றான். கிருத்திகா கதவைத் திறந்தாள்.

"என்ன பாட்டு போடலாம்?"

"பாட்டு இல்ல, இது" என்று கிஷோர் பென் டிரைவை நீட்டினான்.

நாகேஷ் அதைச் செருகியதும் கிஷோரின் கட்டைக் குரலே வந்தது. "முந்தின நில்தாண... ஸ்ரீராம்புரா. முந்தின நில்தாண..."

"அட, மெட்ரோ அனவுன்ஸ்மென்ட்!" நாகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பொண்ணுக்கு நாலு வயசு. அப்பா மார்மேல படுத்துக்கிட்டு, அவர் இதைச் சொல்லக் கேட்டாத்தான் தூங்குவா" என்றாள் கிருத்திகா. "போன்ல போட்டா, 'இது அப்பா இல்ல'ன்னு விடிய விடிய அழறா. ஒரு வாரமா அவளுக்கும் தூக்கம் இல்ல, எனக்கும் இல்ல. இன்னிக்காவது தூங்கணும்."

"நைட் ஷிஃப்ட்டா சார்?"

"ராத்திரியில இங்க இருக்க முடியறதில்ல" என்றான் கிஷோர்.

நாகேஷுக்கு வாய் சும்மா இருக்காது. "இந்த 'முந்தின' இருக்கே சார், பெரிய தலைவலி. கன்னடத்துல முந்தின நில்தாணன்னா அடுத்த ஸ்டேஷன். தமிழ்ல முந்தினன்னா போனது. எங்க அப்பா இதைக் கேட்டுட்டு, 'ஐயையோ, நம்ம ஸ்டேஷன் போயிடுச்சே'ன்னு ஒரு ஸ்டேஷன் முன்னாடியே குதிச்சுட்டாரு!"

இருவரும் சிரிக்கவில்லை. தூக்கம் கெட்ட வீடு, பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் ஜோடியில் குரல் மெலிந்து வந்தது. "ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் கிருத்திகா. அடுத்த ஜோடியைச் சுவர் மூலையில் வைத்ததும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இது அவர் இல்ல. கல்யாண மண்டபத்து மைக்."

"மூலையில வெச்சா அப்படித்தான் மேடம், பேஸ் வீங்கிடும். ஸ்வல்ப இருங்க." நாகேஷ் அவற்றைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்தான். அடியில் ரப்பர் துண்டுகளைக் கொடுத்தான். "இப்ப கேளுங்க."

"முந்தின நில்தாண..."

கிருத்திகா கண்ணை மூடி, ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே அந்தக் குரல் மெதுவாக அதிர்ந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"இதேதான்" என்று கையை எடுத்தாள். "அவ ரூம் சின்னது. ஒண்ணு மட்டும் தருவீங்களா?"

"ஜோடியைப் பிரிக்கறதில்ல மேடம். பாவம் வரும்!"

அந்த ஜோக்குக்கும் யாரும் சிரிக்கவில்லை. "சரி, ரெண்டுமே இருக்கட்டும்" என்றான் கிஷோர். கிருத்திகா தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

வேண்டாத ஜோடியைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு நாகேஷ் வெளியே வந்தான். பின்னாலேயே கிஷோரும் வந்து ஷூ மாட்டினான்.

"நீங்க எதுக்கு சார்? நான் போய்க்கறேன். பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டுங்க."

கிஷோர் குனிந்து லேஸைக் கட்டினான். உள்ளேயிருந்து கிருத்திகா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நாகேஷ் கதவைப் பார்த்தான், கிஷோரைப் பார்த்தான். "சார்... இது உங்க வீடுதானே?"

கிஷோர் லிஃப்ட் பட்டனை அழுத்தினான்.

"முந்தின வீடு, நாகேஷ். தமிழ்ல."