மூக்கின் மேல் ஒரு மரு

சிப்பாய்கள் வண்டியிலிருந்து வைக்கோலை வாரி வாரி வெளியே போட்டார்கள். உள்ளே சக்கரவர்த்தி இருந்தார்.

பளிங்குச் சக்கரவர்த்தி. தலையும் கழுத்தும் மட்டும். தெற்கே தார்சுஸ் நகரத்துச் சிற்பி ஒருவன் செதுக்கி, அவனே கூட வந்து சேர்த்தது. முகத்தை மட்டும் இன்னும் வைக்கோல் மூடியிருந்தது.

காசுக்கு அச்சு வெட்டும் சசாஸ் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

விஷயம் இதுதான். போன பனிக்காலத்தில் ரோமாபுரியில் புதுச் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்தார். கப்படோக்கியா மாகாணத்துக்கு அவர் பெயர் வந்துவிட்டது, முகம் வரவில்லை. கணவாயில் அப்படிப் பனி. ஆர்கையோஸ் மலைக்கே அந்த வருஷம் சளி பிடித்துவிட்டது.

ஆனால் சிப்பாய்களின் சம்பளத்துக்கு வெள்ளிக் காசு அடித்தாக வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சக்கரவர்த்தி.

மலை கஷ்டமில்லை. ஜன்னலைத் திறந்தால் நிற்கும்.

முகத்துக்கு எங்கே போவது? "பாத்தவன் தானா எந்திரிச்சு நிக்கணும், அப்படி வெட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் ரோமானிய அதிகாரி ரூஃபுஸ்.

அப்படிப்பட்ட முகம் சசாஸுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதையே வெட்டினான். கை போன போக்கில் மூக்கின் மேலிருந்த மருவையும் சேர்த்து வெட்டிவிட்டான். அச்சில் தோண்டிய குழியைத் தூர்க்க முடியாது. மாகாணம் முழுக்கச் சக்கரவர்த்தி மருவோடு கிளம்பிப் போய்விட்டார்.

இப்போது ரூஃபுஸ் ஒரு காசை எடுத்துச் சிலையருகே பிடித்தார்.

"ஏம்பா சசாஸ், மொகம் மாறியிருந்தா தலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியுங்க எசமான். இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

கடைசி வைக்கோலும் விழுந்தது.

அதே முறைப்பு. அதே தொங்கு தாடை. ரூஃபுஸ் குனிந்து பார்த்தார். மூக்கின் மேல், பளிங்கில், கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு மரு.

"அட, மரு வரைக்கும் பொருந்துதேய்யா" என்று சசாஸின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

சசாஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் தார்சுஸ் சிற்பி, முகமெல்லாம் வியர்க்க, மலையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சசாஸின் சகலை. அவனுக்கும் ரோமாபுரியிலிருந்து முகம் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

எழுந்து நிற்க வைக்கிற முகம் என்றால், அவனுக்கும் அந்த ஒரு மாமனார்தான்.