பேட்டரி இல்லாத கேசட்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குப் பழைய வீடியோ கேம் கேசட் என்றால் உயிர். எது வீட்டுக்கு வந்தாலும் முதல் வேலையாக உள்ளே இருக்கும் குட்டி பேட்டரியைக் கழற்றிவிடுவார். பேட்டரி போனால் முன்பு விளையாடியவரின் பெயரும், அவர் விட்ட இடமும் சுத்தமாக அழிந்துவிடும். அடுத்தவர் எச்சில் அவருக்கு ஆகாது.

இந்த முறை கிடைத்தது, வருஷக்கணக்காகத் தேடிய அபூர்வமான கேசட். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் ஒரு பெயர் இருந்தது. சிட்டு. அவர் மனைவியை அவள் பிறந்த வீட்டில் கூப்பிடும் பெயர். உலகத்தில் வேறு சிட்டே கிடையாதா என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் கேமில் நேற்று ஆற்றங்கரையில் நின்ற சிட்டு, இன்று அவர் தொடாமலேயே மலையடிவாரத்தில் நின்றது.

“நீ இதத் தொட்டியா?”

“ஆமா, எனக்கு வேற வேலையே இல்ல பாருங்க,” என்றாள் மனைவி, சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே. அங்கிருந்து பார்த்தால் டிவி தெரியாது.

சிட்டு விட்ட இடத்திலிருந்தே அவர் ஆடத் தொடங்கினார். பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் திருப்பினார்.

“அந்தப் பக்கம் போகாதீங்க. பாலம் உடஞ்சிருக்கு,” என்றது சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “எந்தப் பாலம்?”

“பாலமா? என்ன உளர்றீங்க?”

இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார். உடைந்த பாலம் திரைக்குள் வந்தது. கன்ட்ரோலரை மெல்லத் தரையில் வைத்தார்.

திரையில் இருந்த குட்டி உருவம் தானாகத் திரும்பி வலது பக்கம் நடந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.