செம்மண்ணுக்கு மேலே

பாறைக்கும் மண்ணுக்கும் வயது கணிக்க ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த பத்மநாதன் ஐயாவுக்கு ஆய்வுக்குழி வெட்டியவள் ரெங்கம்மா.

“இந்தச் செம்மண் ஐம்பத்தேழாம் ஆண்டு மண்சரிவில வந்தது. அதுக்குக் கீழ கிடக்கிறது பழசு, மேல கிடக்கிறது பிந்தினது,” என்றார் அவர்.

“மேல எது கெடந்தாலும் சரிவுக்குப் பொறவு வந்ததுதானுங்களா?”

“சந்தேகமே இல்லை. எழுதியும் தருவன்.”

“இவகூட என்னங்க பேச்சு? அந்தப் பக்கம் போவோம், வாங்க,” என்று தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி அவசரப்படுத்தினார்.

காலையில் தானே மூடிவைத்த சாக்கை ரெங்கம்மா இழுத்தாள். செம்மண்ணுக்கு மேலே ஒரு எலும்புக்கூடு. கையில் அவள் புருஷனின் வெள்ளிக் காப்பு.

“சரிவுல பொதைஞ்சு செத்தான்னு சாட்சி சொன்னீங்களே கங்காணி! செத்தவன் மறுபடி எந்திரிச்சு வந்து மேல படுத்துக்கிட்டானா?”